நெல் வயலுக்கு அடியில் கடல்! டைனோசர் அழிந்த கதையை சொல்லும் குட்டி ஓடுகள்

தஞ்சை,

நெல் விளையும் காவிரி டெல்டாவுக்கு கீழே ஒரு பழைய கடலே புதைந்து கிடக்கிறது. டைனோசர்கள் பூண்டோடு அழிந்தபோது கடலில் என்ன நடந்தது என்பதற்கு அந்த மாதிரி கடல் மண்தான் சாட்சி.

காரைக்காலில் 1960-களில் எண்ணெய் தேடி கிணறு தோண்ட ஆரம்பித்தார்கள். பிறகு நரிமணம், அடியக்கமங்கலம் என்று துரப்பண கிணறுகள் வந்தன. பூமிக்குள் பல ஆயிரம் அடி போகும்போது, எந்த காலத்து பாறையில் நிற்கிறோம் என்று எப்படி தெரியும்? பெரிய எலும்பு இருந்தாலும் துரப்பண இயந்திரம் நொறுக்கிவிடும். இங்கேதான் 'போராமினிபெரா' கைகொடுக்கிறது.

மணல் அளவு

இவை ஒரே செல் கொண்ட கடல் உயிர்கள். சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொண்டு வாழும். பெரும்பாலானவை மணல் துகள் அளவுதான். செத்ததும் ஓடு கடலடியில் படியும். கிணற்றில் இருந்து வரும் பாறை தூளை ஊறவைத்து, சல்லடையில் அலசி, காயவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஒரு கைப்பிடி தூளிலேயே நூற்றுக்கணக்கில் கிடைக்கும். காலத்துக்கு காலம் ஓட்டின் வடிவம் மாறுவதால் பாறையின் வயதை சொல்லிவிடலாம்.

இப்படி பிரித்த அடுக்குகளுக்கு நம்ம ஊர் பெயர்தான். நன்னிலம் அடுக்கு டைனோசர் காலத்தின் கடைசி பகுதி. கமலாபுரம் அடுக்கு அழிவுக்கு பிந்தையது. ஆனால் பல இடங்களில் இரண்டுக்கும் நடுவே, புத்தகத்தில் பக்கம் கிழிந்த மாதிரி, படிவு இல்லை.

கொன்றது யார்?

6.6 கோடி ஆண்டுக்கு முன் கடலில் மிதந்த போராமினிபெரா வகைகளில் பெரும்பாலானவை அழிந்தன. பெரிய, அலங்கார ஓடுகள் மறைந்து பொடி ஓடுகள் மட்டும் வருகின்றன. இத்தாலியில் குப்பியோ என்ற ஊரில் இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த மெல்லிய களிமண்ணில் இரிடியம் அதிகம் இருந்ததை அல்வாரெஸ் குழுவினர் 1980-ல் அறிவித்தனர். விண்கல் மோதியதே காரணம் என்றனர். மெக்சிகோவில் சிக்சுலுப் பள்ளம் அதற்கு சாட்சியானது.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் கெர்டா கெல்லர் இதை ஏற்கவில்லை. தக்காண எரிமலைதான் முக்கிய காரணம் என்கிறார். ஆந்திராவில் கிருஷ்ணா-கோதாவரி படுகையில் ஓ.என்.ஜி.சி. கிணறுகளின் மாதிரிகளை இவரது குழு ஆராய்ந்து 2011-ல் முடிவை வெளியிட்டது. எரிமலை குழம்பு அடுக்குகளுக்கு இடையே சிக்கிய ஓடுகளில் வகைகள் குறைந்துகொண்டே போனதாம். விண்கல்லா, எரிமலையா, இரண்டுமா என்ற சண்டை ஓயவில்லை.

அரியலூரில் பார்க்கலாம்

டெல்டாவில் ஆழத்தில் இருக்கும் இந்த கடல் பாறை, அரியலூர், பெரம்பலூர் பக்கம் தரைக்கே வந்துவிடுகிறது. கல்லமேட்டில் டைனோசர் எலும்பு கிடைத்துள்ளது. அதற்கு மேல் நின்னியூர் சுண்ணாம்பு பாறை, அழிவுக்கு பிந்தைய கடல். ஆனால் கல்லமேடு அடுக்கு ஆற்று மணல் என்பதால், அழிவு நேரத்து கடல் ஓடுகளை அங்கே தேட முடியாது. அந்த பக்கத்துக்கு ஆழ்கிணறு மண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

டெல்டாவை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் 2020-ல் வந்தது. புதிதாக எண்ணெய், எரிவாயு கிணறு தோண்ட அதில் தடை உள்ளது. விவசாயிகள் போராடி கேட்டது அதுதான். அதனால் ஏற்கனவே எடுத்து வைத்த பாறை மாதிரிகளுக்கு மவுசு கூடிவிட்டது. அரியலூர் பக்கமோ சிமெண்டுக்காக சுண்ணாம்பு பாறையை வெட்டுகிறார்கள். வெட்டிய பாறை திரும்ப வராது. அதற்குள் இருக்கிற குட்டி ஓடுகளும்தான்!