மீனுக்கு ஒரு மூன்று, கல்லுக்கு ஒரு மூன்று

மூன்று மீன், மூன்று கல், மூன்று படகு. ஆட்கள் என்றால் மட்டும் ‘மூவர்’ என்போம். மற்ற எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே ‘மூன்று’ போதும். கலிபோர்னியாவின் வடமேற்கு மூலையில், கிளாமத் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் யூரோக் பழங்குடியினரின் மொழியில் அது நடக்காது. ஆள், மீன், கல், படகு ஒவ்வொன்றுக்கும் ‘மூன்று’ வேறு வேறு வடிவம் எடுக்கும். சொல்லின் முன்பகுதி எண்ணைச் சொல்லும், வால்பகுதி எண்ணப்படுவது எந்த இனம் என்று சொல்லிவிடும்.

1951-ல் அங்கே போய் ஆய்வு செய்த பிரிட்டிஷ் மொழியியலாளர் ஆர். எச். ராபின்ஸ், 1958-ல் வெளியிட்ட யூரோக் இலக்கணத்தில் இந்த இனங்களை வரிசைப்படுத்தினார். மனிதர் ஓர் இனம், விலங்கும் பறவையும் ஓர் இனம், உருண்டையானவை ஓர் இனம். வடிவத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள் என்று நாம் முடிவுகட்டும்போது வீட்டுக்குத் தனி இனம், படகுக்குத் தனி இனம், நாளுக்கும் தனி இனம்! ரெட்வுட் மரத்தைக் குடைந்து படகு செய்து, அதே மரத்தின் பலகையில் வீடு கட்டி, ஆற்றை நம்பி வாழ்ந்தவர்களுக்கு அவை வெறும் ‘நீளமான பொருள்’ அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

எண்ணோடு இது நிற்பதில்லை. ‘பெரிதாக இருக்கிறது’, ‘சிவப்பாக இருக்கிறது’ என்பவை யூரோக்கில் வினைச்சொற்கள். அவற்றில் பலவும் பொருளின் இனத்துக்கேற்ப உருவம் மாறும்.

அக்கம்பக்கத்துக் கதை இன்னும் சுவையானது. ஹூபா, கருக் மக்களும் அதே சால்மன் மீனைப் பிடித்தவர்கள், யூரோக்குகளைப் போலவே கூடை பின்னியவர்கள், வெள்ளை மான்தோல் நடனம் ஆடியவர்கள். ஆனால் மூன்று மொழிகளும் மூன்று வெவ்வேறு குடும்பம். ஹூபாவில் ஒரு பொருளை எடுப்பது, கொடுப்பது பற்றிய வினையே அது உருண்டையா நீளமா என்று பார்த்து மாறும். யூரோக்கின் தூரத்து உறவான அல்கோன்கியன் மொழிகளோ பெயர்ச்சொற்களை உயிருள்ளவை, உயிரற்றவை என இரண்டாகப் பிரிக்கின்றன. யூரோக்கில் அந்தப் பிரிவினை இல்லை. ஒரே மாதிரி வாழ்ந்தாலும் உலகத்தை ஒரே மாதிரி வகைபிரிக்க வேண்டியதில்லை என்று மொழியியலாளர் மேரி ஹாஸ் 1967-ல் எழுதியது இந்தப் பகுதியின் மொழிகளை வைத்துத்தான்.

யூரோக்கைக் குழந்தையிலிருந்தே பேசி வளர்ந்தவர்களில் கடைசியாக அறியப்பட்ட ஆர்ச்சி தாம்ப்சன் 2013-ல் காலமானார். அந்தப் பகுதியின் உயர்நிலைப் பள்ளிகள் சிலவற்றில் இப்போது யூரோக் ஒரு பாடம். அங்கே ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு எண்ணத் தெரியும் என்று சொல்லிக்கொள்ள முடியாது. எதை எண்ணுகிறோம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.