'டிக் டிக்' திரும்பி வந்தது!

பெரியப்பாவின் ராட்செட்டை உடைத்தவன் நான்தான். இதை அவரிடம் நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பா கப்பலில் எஞ்சினீயராக இருந்தவர். 1970-ல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கியபோது, கையிலிருந்த பணத்தையெல்லாம் கொடுத்து ஒரு பெட்டி ஸ்பானர் வாங்கி வந்தார். பெரியம்மாவுக்கு ஒன்றும் வாங்கவில்லை என்ற வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை!

சென்ற வருஷம் எங்கள் கிணற்று மோட்டாரின் துருப்பிடித்த நட்டைக் கழற்ற, அந்தப் பெட்டியிலிருந்த ராட்செட்டை இரவல் வாங்கினேன். நட்டு அசையவில்லை. பிடியில் இரண்டடிக் குழாயைச் செருகி, மூச்சைப் பிடித்து இழுத்தேன். 'களுக்' என்று ஒரு சத்தம். நட்டு இருந்த இடத்திலேயே இருந்தது, ராட்செட்தான் தளர்ந்துவிட்டது. அதைத் துடைத்து, நல்ல பிள்ளையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் போனபோது, பெரியப்பா அதைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் வழுக்கியது. "பழைய இரும்புக்காரன்கிட்டே போட்டுடலாம் அப்பா, புதுசு வாங்கித் தரேன்" என்றான் அவர் பிள்ளை. 84 வயதுப் பெரியப்பா பதில் பேசவில்லை. என் நெஞ்சுதான் குறுகுறுத்தது. "நான் சரி பண்ணிக் கொண்டு வரேன், பெரியப்பா" என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

உள்ளே என்ன?

சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரத்தில் 'டிக் டிக்' என்று கேட்கிறதல்லவா? அதே வித்தைதான் இதிலும். ஒரு பல்சக்கரம், அதன் பல்லில் விழுந்து தடுக்க ஒரு சிறு கொண்டி, கொண்டியை அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். ஒரு பக்கம் திருப்பினால் கொண்டி பிடித்துக்கொள்ளும். மறுபக்கம் திருப்பினால் பல்லின் மேல் துள்ளித் துள்ளி ஓடும். மெக்கானிக்குகள் இந்தக் கொண்டியைப் 'பால்' என்பார்கள். காப்பிக்கு உதவாது!

24 பல் உள்ள சக்கரமானால் ஒரு பல் நகர 15 பாகை திருப்ப வேண்டும். 72 பல்லானால் 5 பாகை போதும். இண்டு இடுக்கில் வேலை செய்யச் சௌகரியம்.

வழுக்குகிற ராட்செட்டெல்லாம் உடைந்த ராட்செட் அல்ல. பழைய கிரீஸ் பிசின் போல் இறுகி, கொண்டியை ஒட்டிக்கொள்வதும் உண்டு. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினால் பாதி நோய் தீர்ந்துவிடும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்கை அளவாக வெட்டிப் போட்டு ஒப்பேற்றலாம். ஆனால் ஒன்று: ஒரு தட்டில் துணியை விரித்து, அதற்கு மேல் வைத்துத்தான் மூடியைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் துள்ளிப் பீரோவுக்கு அடியில் போய்விடும். கழற்றுமுன் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். எது எந்தப் பக்கம் இருந்தது என்பது பிறகு மறந்துபோகும்.

பெரியப்பாவின் ராட்செட்டைத் திறந்து பார்த்தேன். கொண்டியின் முனை சிதைந்திருந்தது. என் குழாயின் கைங்கரியம்!

பெயர் ஒன்று, பிறப்பு வேறு

புதுப்பேட்டைக்குப் போனேன். ஒரு கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெளியே இருக்கிற சதுர முனை அரை அங்குலம், சார். எந்தக் கம்பெனி ஸாக்கெட்டும் மாட்டும். ஆனா உள்ளே அவங்கவங்க வெச்சதுதான் சட்டம். ஒருத்தர் கொண்டி இன்னொருத்தருக்குச் சேராது."

"கடைசலில் ஒன்று செய்து போட்டால்?"

"மெத்துனு இருந்தா மழுங்கிடும். ரொம்பக் கெட்டியா இருந்தா உடைஞ்சிடும். பலமா இழுக்கும்போது வழுக்கினா உங்க விரல் போயிடும். இதே ஜாதியிலே செத்துப்போன இன்னொண்ணைத் தேடுங்க. அதோட உயிரை இதுக்குக் கொடுக்கலாம்."

இதே ஜாதியை எப்படிக் கண்டுபிடிப்பது? பிடியில் இருக்கும் பெயரை மட்டும் நம்பக்கூடாது. உதாரணத்துக்கு, அமெரிக்காவில் சியர்ஸ் கடைக்காரர்கள் 1927 முதல் 'கிராப்ட்ஸ்மன்' என்ற பெயரில் கருவிகள் விற்றார்கள். செய்து கொடுத்தவர்கள் வேறு வேறு தொழிற்சாலைக்காரர்கள். பிடியில் 'வி' என்ற எழுத்து இருந்தால், மாஸசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டில் இருந்த மூர் டிராப் போர்ஜிங் கம்பெனி செய்தது என்று அர்த்தம். பெயருக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தையும் எண்ணையும் பார்த்துத்தான் கொண்டி தேட வேண்டும்.

ராட்செட்டின் முதுகில் ஸாக்கெட்டை விடுவிக்கும் பொத்தான் இருந்தால், அதுவும் ஒரு துப்பு. அந்த யோசனை சியர்ஸ் கடையில் வேலை பார்த்த பீட்டர் ராபர்ட்ஸ் என்ற 18 வயதுப் பையனுடையது. 1965-ல் அவன் அதை அதிகபட்சம் 10,000 டாலருக்குக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தான். பிறகு கோர்ட்டுக்குப் போய், 1989-ல் 82 லட்சம் டாலருக்குச் சமாதானம் ஆயிற்று. ஆகவே அந்தக் கடையின் ராட்செட்டில் பொத்தான் இருந்தால், அது பெரும்பாலும் 1965-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ பிறந்தது.

ஒரு காலத்தில் அந்தக் கடைகளில் பழுதான ராட்செட்டை நீட்டினால், உள் சாமான்களைப் புதிதாகப் போட்டுத் தருவார்கள். 2017-ல் அந்தப் பெயரே வேறு கம்பெனிக்கு விலைபோயிற்று; 2018-ல் சியர்ஸ் திவால் மனு கொடுத்தது. பழைய சாமான்களுக்கு இப்போது பழைய பெட்டிகளே கதி.

தானம் கிடைத்தது

கொண்டியை அளந்து, ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, பிடியில் இருந்த எண்ணோடு அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பாவின் பேத்திக்கு அனுப்பினேன். வீட்டு வாசலில் பழைய சாமான் விற்பவர்களிடம் அவள் ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தாள். கடைசியில் சதுர முனை முறிந்து துருவேறிய ஒன்று அகப்பட்டது. டிசம்பரில் கொண்டு வந்தாள். எண் பொருந்தியது. உள்ளே கொண்டி புதுக் கருக்கு அழியாமல் இருந்தது!

மாட்டி, துளி எண்ணெய் விட்டு, பெரியப்பா கையில் கொடுத்தேன். அவர் அதைக் காதருகில் வைத்துத் திருப்பினார். டிக், டிக், டிக்... கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுபக்கம் திருப்பினார். கெட்டியாகப் பிடித்தது.

"நன்னா இருக்கு" என்றார். பெட்டியில் வைத்து மூடிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"இனிமே குழாய் மட்டும் மாட்டாதே!"