பட்டம் வேண்டாம் என்ற பிரபு

அப்பாவின் சொத்து பிள்ளைக்கு வருவது உலக வழக்கம். அப்பாவின் பட்டம் வந்து, பிள்ளையின் பதவியைப் பறித்த கதை தெரியுமா? இங்கிலாந்தில் நடந்தது இது.

டோனி பென் 1925ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தவர். தந்தை வில்லியம் வெட்ஜ்வுட் பென் 1929 முதல் 1931 வரை இந்தியாவுக்கான அமைச்சராக இருந்தவர். நம் நாட்டில் உப்பு சத்தியாக்கிரகம் நடந்த காலம் அது. 1931இல் காந்தியடிகள் லண்டன் சென்றபோது, ஆறு வயதுச் சிறுவனாக டோனியும் அவரைச் சந்தித்தார்.

பிரபுக்கள் சபையில் தொழிற்கட்சிக்கு ஆள்பலம் போதவில்லை என்று 1942இல் தந்தைக்கு 'வைகவுண்ட் ஸ்டான்ஸ்கேட்' என்ற பரம்பரைப் பட்டம் தரப்பட்டது. மூத்த மகன் மைக்கேல் பாதிரியாராகப் போக எண்ணியிருந்தார். பட்டம் தமக்கு வருவதில் அவருக்கு ஆட்சேபமில்லை. ஆனால் விமானப்படையில் இருந்த அவர் 1944இல் இறந்துபோனார். பட்டத்துக்கு அடுத்த வாரிசு டோனி!

1950இல் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதி மக்கள் அவரைக் காமன்ஸ் சபைக்கு அனுப்பினார்கள். பிரபுவானவர் அங்கே உட்கார முடியாது என்பது சட்டம். தந்தை இருக்கும்போதே பட்டத்தைத் துறக்க முயன்று பார்த்தார்; பலிக்கவில்லை. 1960 நவம்பரில் தந்தை காலமானார். அந்தக் கணமே மகன் பிரபு! தந்தையை இழந்த துக்கத்தோடு பதவியும் போயிற்று.

மனிதர் விடவில்லை. 1961 மே மாத இடைத்தேர்தலில் மீண்டும் நின்றார், வென்றார். ஆனால் சபை வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டார். தேர்தல் நீதிமன்றம், தோற்ற கன்சர்வேடிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேருக்கே இடத்தைக் கொடுத்தது. அவரும் ஒரு பிரபு பட்டத்துக்கு வாரிசாக இருந்தவர் என்பதுதான் வேடிக்கை!

மக்கள் தேர்ந்தெடுத்தவரைப் பிறப்பு தள்ளி வைக்கலாமா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. 1963 ஜூலை 31 அன்று, விரும்பியவர் பட்டத்தைத் துறக்கலாம் என்ற சட்டம் நிறைவேறியது. அன்று மாலையே முதல் ஆளாகத் துறந்தார் டோனி பென். செயின்ட் கிளேரும் சொன்ன சொல் தவறாமல் பதவி விலகினார். ஆகஸ்டில் நடந்த இடைத்தேர்தலில் பென் மறுபடியும் வென்றார்.

அவர் வெட்டிய பாதையில் முதலில் பயனடைந்தவர்களில் ஒருவர் எதிர்க்கட்சிக்காரர்! அதே ஆண்டு அக்டோபரில் பிரதமரான ஹோம் பிரபு, தம் பட்டத்தைத் துறந்துவிட்டுத்தான் காமன்ஸ் சபைக்கு வந்தார்.

பென் பின்னர் தபால், தொழில்நுட்பம், தொழில், எரிசக்தித் துறைகளுக்கு அமைச்சரானார். 2001இல் சபையிலிருந்து ஓய்வு பெற்றார், 2014இல் மறைந்தார்.

கதை அதோடு முடியவில்லை. துறவு ஒருவரின் ஆயுள்வரைதான், வாரிசைக் கட்டுப்படுத்தாது. தந்தை மறைந்ததும் மூத்த மகன் ஸ்டீபன் மூன்றாவது வைகவுண்ட் ஆனார். 1999ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரை மட்டுமே சபையில் விட்டுவைத்திருந்தது. அந்த இடங்களில் ஒன்றில் 2021இல் அவர் அமர்ந்தார்.

தகப்பன் போராடித் துறந்ததை மகன் ஏற்றுக்கொண்டார். இரண்டுமே அவரவர் முடிவுதான். 1960இல் டோனி பென்னுக்கு அந்த உரிமைகூட இருக்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.