ஆடு தின்னாததைத் தின்னும் புழு

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: பருத்திக்காட்டு வரப்பில் கிடக்கும் ஆடுதின்னாப்பாளையைக் காயவைத்து இடித்து, காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி சாப்பிட்டால் உடம்பு விஷமெல்லாம் முறியுமாமே, சாப்பிடலாமா?

வேண்டாம். காரணத்துக்கு வருகிறேன். அதற்கு முன் பூவைப் பார்த்துவிடுவோம்.

கரிசலில் நடந்தவர்களுக்குச் செடி தெரிந்திருக்கும். தரையோடு படரும், சாம்பல் பூத்த இலை, சிறுநீரக வடிவம், கசக்கினால் குமட்டும் வாடை. வேலியில் ஏறிப் படர்ந்தால் அது இதன் உறவான ஈஸ்வரமூலியாக இருக்கலாம். பூ இலைக்கடியில் ஒளிந்திருக்கும். கருஞ்சிவப்பில் ஒரு சிறு குழல், அடியில் உப்பிய ஒரு அறை. அவ்வளவுதான், இதழ் என்று தனியாக எதுவும் கிடையாது.

அந்தக் குழலுக்குள்தான் வேடிக்கை. வாடைக்கு மயங்கிச் சிற்றீக்கள் உள்ளே இறங்கும். குழலின் உட்சுவரில் மயிர்கள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் திரும்பி ஏற முடியாது. எங்கள் ஊர் வாய்க்காலில் கெண்டைக்கு வைக்கும் பறியும் இப்படித்தான்: வாயில் உள்நோக்கிய குச்சிகள், போகலாம், வரமுடியாது. ஆனால் பறி மீனை விடாது. இந்தப் பூ ஈயை விட்டுவிடும். முதலில் சூல்முடி பக்குவமாகியிருக்கும். ஈ வேறொரு பூவிலிருந்து கொண்டுவந்த மகரந்தம் அதில் ஒட்டும். அதன்பிறகே மகரந்தப்பை வெடித்து ஈயின் முதுகில் பொடி தூவும். மயிர்கள் வாடிச் சுருங்கும், வழி திறக்கும். வெளியே வந்த ஈ நேராக அடுத்த பூவுக்குள் போய் மாட்டிக்கொள்ளும்!

இனி பொடிக்கு வருவோம். இந்தச் செடியினத்தில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. உலர்த்திப் பொடித்தாலும் போய்விடாது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை தின்றவர்களில் நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. மாத்திரையில் கலந்திருந்தது இதே இனத்துச் சீனச் செடி ஒன்றின் வேர். சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. இவ்வினச் செடிகள் சேர்ந்த மருந்துகளை 2002இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்குபவை என உறுதியாக வகைப்படுத்திவிட்டது. சித்த மருத்துவ நூல்களில் இதற்கு இடம் உண்டுதான். அதற்காக, வாட்ஸ்அப்பில் வந்த கரண்டிக் கணக்கை நம்பிச் சிறுநீரகத்தைப் பணயம் வைப்பானேன்? ஆடே தொடாமல் விலகிப்போகிறது.

இதைத் தின்னத் தெரிந்தவர் வேறு ஒருவர். கிரிம்சன் ரோஸ் என்னும் கறுப்பு-சிவப்பு வண்ணத்துப்பூச்சியின் புழு இவ்வினச் செடிகளையும் இவற்றின் நெருங்கிய உறவுச் செடிகளையும் தவிர வேறெதையும் தொடாது. இலை விஷத்தை உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்கிறது. பறவைகள் ஒருமுறை கொத்திப் பார்த்தால் மறுமுறை நெருங்குவதில்லை. அந்தப் பயத்தைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் நம் வீட்டுக் கறிவேப்பிலையில் முட்டையிடும் பட்டாம்பூச்சியின் பெண்களில் சில, இதன் வேஷம் போட்டுப் பறக்கின்றன. அவற்றின் உடம்பில் விஷம் கிடையாது.

வரப்புக்குக் களைக்கொல்லி அடிப்பவர்கள் ஒரு ஓரத்தையாவது விட்டுவைக்கலாம். வீட்டில் வளர்ப்பதும் எளிது: விதை போதும், நல்ல வெயில், கொஞ்சம் தண்ணீர். குழந்தைகளும் கன்றுகாலிகளும் வாய்வைக்காத இடமாகப் பார்த்து வையுங்கள். ஒரு தொட்டியோடு நிறுத்தாமல் நான்கைந்து வைப்பது நல்லது. புழுக்கள் வந்துவிட்டால் ஒரு செடியை மொட்டையடித்துவிட்டு அடுத்ததைத் தேடும். மொட்டையானதைப் பிடுங்கி எறியாதீர்கள், வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும்.