தரை தொடாத அணிலும் காட்டுக்குப் போகும் நாமும்

ஆப்பிரிக்கக் காடு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சிங்கமும் வரிக்குதிரையும் திரியும் புல்வெளி. தொலைக்காட்சி பழக்கிய படம் அது. அந்தக் கண்டத்தின் நடுவே, காங்கோ ஆற்றுப் படுகையில், அமேசானுக்கு அடுத்தபடியாக உலகிலேயே பெரிய வெப்பமண்டல மழைக்காடு இருக்கிறது. அதற்குக் கிழக்கே உயரும் மலைகளில் வாழும் மலைக் கொரில்லாவைப் பார்க்கப் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். உகாண்டாவின் புவிண்டி காட்டில் ஒரு மணி நேரம் கொரில்லா பார்க்க வெளிநாட்டவர் கட்ட வேண்டிய கட்டணம் 2024 ஜூலை முதல் 800 டாலர். ருவாண்டாவில் 1,500 டாலர்.

ராஜபாளையத்துக்காரருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கும் வெப்பமண்டலக் காடு பார்க்க அவ்வளவு செலவில்லை. மேற்கே திரும்பினால் மலை. அய்யனார் கோயிலும் செண்பகத்தோப்பும் ஊரை விட்டுக் கிளம்பிய சிறிது நேரத்தில் வந்துவிடும். உலகம் முழுக்கத் தேடினாலும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே கிடைக்கிற ஓர் உயிர் அங்கே மரக்கிளைகளில் வாழ்கிறது. அதுதான் சாம்பல் நிற மலை அணில். அதைக் காக்கவென்றே 1988-ல் இங்கே ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் அதுவும் தேனி மாவட்டத்து மேகமலைச் சரணாலயமும் இணைந்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் ஆயின. தமிழகத்தின் 5-வது, நாட்டின் 51-வது புலிகள் காப்பகம் இது. பரப்பு சுமார் 1,016 சதுர கிலோமீட்டர்.

புலிகள் காப்பகம் என்ற பெயர் வந்துவிட்டால் பின்னாலேயே பார்வையாளர்களும் வருவார்கள். வரட்டும். எப்படி வர வேண்டும் என்பதற்கு ஆப்பிரிக்கக் காடுகளின் அனுபவம் நமக்கு உதவும்.

ஒரே குடும்பம், வேறு வேறு காடு

இரண்டு காடுகளுக்கும் உள்ள ஒற்றுமையைப் பேசும்போது கோண்டுவானா பெருநிலத்தை இழுப்பது வழக்கம். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தது உண்மைதான். ஆனால் அவை பிரியத் தொடங்கியது சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. குரங்குகள் என்ற இனமே அப்போது தோன்றவில்லை. நம் மலையில் இருக்கும் கருமந்தியும் ஆப்பிரிக்காவின் கொலோபஸ் குரங்கும் ஒரே குடும்பக் கிளையைச் சேர்ந்தவை என்பதற்குக் காரணம் வேறு. அவற்றின் பொது மூதாதையின் வழிவந்தவை, ஆப்பிரிக்காவும் ஆசியாவும் நிலத்தால் இணைந்த பிற்காலத்தில், சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்பு இரு கண்டங்களிலும் பரவின. இரண்டுமே இலை தின்னிகள். இலையிலுள்ள நார்ச்சத்தை நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கவைக்கப் பல அறைகள் கொண்ட இரைப்பை இரண்டுக்கும் உண்டு.

அணிலின் கதை நேர் எதிரானது. மத்திய ஆப்பிரிக்க மழைக்காட்டிலும் ஒரு பெரிய மர அணில் வாழ்கிறது. பார்த்தால் நம் மலை அணிலுக்கு உறவு என்றே தோன்றும். உண்மையில் அணில் குடும்பத்துக்குள் இரண்டும் தனித்தனிக் கிளைகள். உயர்ந்த மரம், வருடம் முழுக்கப் பழமும் கொட்டையும், தரையில் ஆபத்து என்ற ஒரே மாதிரியான சூழல் அமைந்தபோது இரண்டு இடங்களிலும் அணில்கள் தனித்தனியே பெரிய உடல் பெற்றன.

கிளையே பாதை

வீட்டு வாசலில் ஓடும் மூன்று கோட்டு அணிலை மனதில் வைத்துக்கொண்டு சாம்பல் மலை அணிலைத் தேடினால் ஏமாற்றம்தான். மூக்கிலிருந்து வால் நுனி வரை அளந்தால் முக்கால் மீட்டரை எட்டக்கூடியது இது. எடை ஒரு கிலோவுக்கு மேல் வரும். முதுகிலும் வாலிலும் உள்ள மயிர்களின் நுனி வெளுத்திருப்பதால் உடம்பு முழுக்க நரை விழுந்தது போல இருக்கும். காலையிலும் சாயங்காலத்திலும் சுறுசுறுப்பாக இரை தேடும். உச்சி வெயிலில் கிளைமேல் வயிறு படியக் கிடந்து வாலைத் தொங்கவிட்டு ஓய்வெடுக்கும்.

மலையின் உயரத்தில் இருக்கும் ஈரக்காடு இதற்குப் பெரிதாக வேண்டாம். அங்கே செம்பழுப்பு நிறத்தில் இன்னொரு மலை அணில் இருக்கிறது. சாம்பல் அணிலுக்குப் பிடித்தது அடிவாரத்து ஓடைக்கரை. மழை மறைவுப் பிரதேசமான இந்தக் கிழக்குச் சரிவில் மற்ற மரங்கள் இலை உதிர்த்து நிற்கும் கோடையிலும் ஓடைக்கரையில் புளி, மா, நாவல், மருது, அத்தி எல்லாம் பச்சை மாறாமல் இருக்கும். பழம், கொட்டை, தளிர், பட்டை எல்லாமே அதற்கு உணவு.

இதன் வாழ்க்கையை விரிவாக ஆராய்ந்தவர்கள் ஜஸ்டஸ் ஜோஷுவாவும் ஏ.ஜே.டி. ஜான்சிங்கும். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த அழகர்கோயில் பள்ளத்தாக்கில் அவர்கள் வேலை செய்தார்கள். நாங்குநேரியில் பிறந்த ஜான்சிங், சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவர். இந்திய வனவிலங்கு ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான அவர் 2024-ல் காலமானார்.

ஆய்வுகள் சொல்லும் முக்கியமான செய்தி இது: கூடு கட்ட இந்த அணில் தேர்ந்தெடுப்பது பக்கத்து மரங்களோடு தலை உரசி நிற்கும் மரங்களை. கழுகு பாய்ந்தாலோ வேறு விலங்கு ஏறினாலோ அடுத்த மரத்துக்குத் தாவித் தப்ப வேண்டும். பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் போடும் என்பதால் இழப்பை ஈடுகட்டுவதும் மெதுவாகத்தான் நடக்கும். மரத்துக்கு மரம் கிளை தொடாமல் போனால் அணில் தரையில் இறங்கியாக வேண்டும். தரையில் நாய் இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது. எனவே ஓடைக்கரையில் வெட்டப்படும் ஒரு பழைய புளியமரத்தோடு பல மரங்களுக்கு நடுவே இருந்த வழியும் அடைபட்டுவிடும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், காகும் தேசியப் பூங்காவில் 1995-ல் சுமார் 350 மீட்டர் நீளத்துக்கு மரங்களுக்கு நடுவே தொங்கு பாலங்கள் கட்டினார்கள். மனிதர்கள் மர உச்சியிலிருந்து காட்டைப் பார்ப்பதற்கு. நம் வால்பாறையில் அதற்கு மறுதலையாக, புதுத்தோட்டம் பகுதியில் சாலையின் குறுக்கே கயிற்றுப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். சிங்கவால் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் கடப்பதற்கு. சாம்பல் அணிலின் ஓடைக்கரைகளில் நிற்கும் மரங்களைக் காத்தாலே போதும், பாலமே வேண்டாம்.

புவிண்டி போட்ட கணக்கு

உகாண்டாவில் புவிண்டி தேசியப் பூங்கா ஆனது 1991-ல். கொரில்லா பார்க்க ஆட்களை அனுமதித்தது 1993-ல். ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் அதிகபட்சம் 8 பேர் பார்க்கலாம். ஒரு மணி நேரம் மட்டும். சளி, காய்ச்சல் இருந்தால் அனுமதி இல்லை. முன்பு 7 மீட்டராக இருந்த இடைவெளி, கரோனாவுக்குப் பிறகு 10 மீட்டர் ஆனது. முகக்கவசமும் சேர்ந்தது. மரபணுவில் நமக்கு மிக நெருங்கிய உறவு என்பதால் நமக்கு வரும் சாதாரணச் சளிகூடக் கொரில்லாவைக் கொன்றுவிடலாம்.

பலன் என்ன? அழியும் விளிம்பில் இருந்த மலைக் கொரில்லாக்களின் எண்ணிக்கை அண்மைக் கணக்கெடுப்புகளின்படி 1,063. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2018-ல் அவற்றை மிக மோசமான ஆபத்துப் பட்டியலிலிருந்து ஒரு படி மேலே ஏற்றியது. பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதம் சுற்றியுள்ள மக்களுக்குப் போக வேண்டும் என்பது உகாண்டாவின் சட்டம். யானை பயிரை மேய்ந்தாலும் காடு இருப்பதில் தனக்கு லாபம் உண்டு என்று விவசாயி நினைக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

குறைகளும் உண்டு. தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் வாழ்ந்த பட்வா மக்கள் 1991-ல் வெளியேற்றப்பட்டார்கள். சுற்றுலா வளர்ந்தது, அவர்கள் நிலமற்ற கூலிகள் ஆனார்கள். 2020-ல் பெருந்தொற்றால் பயணிகள் வரத்து நின்றபோது அங்கே திருட்டு வேட்டை கூடியது. பார்வையாளர்களுக்குப் பழகிய ராஃபிக்கி என்ற ஆண் கொரில்லா அந்த ஜூன் மாதம் கொல்லப்பட்டது. சுற்றுலாப் பணத்தை மட்டும் நம்பிக் காட்டைக் காக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம் மலைக்குப் பொருந்துவது

இங்கே காட்டுக்குள் போகும் பழக்கம் சுற்றுலாவைவிடப் பழையது. ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறும் கூட்டத்தை எந்த ஆப்பிரிக்கப் பூங்காவும் கண்டிருக்காது. காட்டழகர், அய்யனார், சுந்தரமகாலிங்கம் என்று சாமிகள் குடியிருப்பதால் தப்பிய மரங்களும் உண்டு. பக்தியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை இருந்தும், ஓடைகளில் பையும் பாட்டிலும் கிடக்கின்றன. ராஜபாளையத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் இந்த மலையின் ஓடையைத்தான் நம்பியிருக்கிறது. அதே தண்ணீரைத்தான் நாமும் பிடித்துக் குடிக்கிறோம்.

அடிவாரத் தோப்புகளும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் காய்க்கும் மாந்தோப்புகள், தென்னை, இலவம் எல்லாம் காட்டை ஒட்டியே இருக்கின்றன. யானை இறங்கினால் இழப்பு தோப்புக்காரருக்கு. அந்த இழப்பு ஈடாகாதவரை அவரைக் காட்டின் காவலர் ஆக்க முடியாது. செண்பகத்தோப்பிலும் தாணிப்பாறையிலும் அய்யனார் கோயில் பக்கமும் வாழும் பளியர்களை விட்டுவிட்டு வழிகாட்டிகளை வெளியிலிருந்து கொண்டுவந்தால் பட்வா மக்களுக்கு நேர்ந்ததே இங்கும் நடக்கும். தேன் எடுத்து, கிழங்கு தோண்டி வாழ்ந்தவர்கள் அவர்கள். எந்த மரத்தில் எந்த மாதம் பழம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

வனத்துறைக்குச் சொல்ல வேண்டியது மூன்று: ஒரு தடத்தில் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு வையுங்கள், வழிகாட்டி வேலையைப் பளியர்களுக்குக் கொடுங்கள், கட்டணத்தில் ஒரு பங்கை அடிவாரத்து ஊர்களுக்குக் கொடுங்கள்.

போகிறவர்களுக்கும் சில உண்டு. அனுமதி பெற்று, அதிகாலையில், சிறு குழுவாகப் போங்கள். ஓடைக்கரை மரத்தின் உச்சிக் கவட்டையில் இலையும் சுள்ளியும் சேர்ந்த உருண்டை தெரிந்தால் அது அணிலின் கூடாக இருக்கலாம். கீழே நின்று சத்தம் போடாதீர்கள், கல்லெறியாதீர்கள். குரங்குக்கு முறுக்கும் பிஸ்கட்டும் நீட்டாதீர்கள். ஊரில் வெயில் அடித்தாலும் மலை உச்சியில் மேகம் கறுத்திருந்தால் ஓடையில் இறங்காதீர்கள். சரிவு செங்குத்தானது, பள்ளத்தாக்கு குறுகலானது, காட்டாற்று வெள்ளம் சில நிமிடங்களில் வந்துவிடும். கொண்டுபோன பிளாஸ்டிக்கை ஒன்று விடாமல் ஊருக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள்.