நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு முழம் பூ

கிள்ளானில் கட்டட வரைவாளராக வேலை செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சர்வேயர் அனுப்பிய பெரிய கோப்பை என் டிராயிங்குக்குள் இறக்கினால் வட்டங்கள் பலகோணமாகத் தெரிகின்றன. சுட்டியை நகர்த்தினால் கோடுகள் நடுங்குகின்றன. விலை கூடிய கிராஃபிக்ஸ் அட்டை போட்டால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?"

வேண்டாம். ஐயாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கினாலும் அந்த நடுக்கம் நிற்காது.

கோப்பு கனப்பது வேறு சங்கதி. 2023 மார்ச் 16 அன்று முழுமையாகத் திறக்கப்பட்ட 57.7 கிலோமீட்டர் புத்ராஜெயா எம்ஆர்டி தடம் போன்ற திட்டங்களில் முப்பரிமாண மாதிரிகள் மலைபோல் குவியும். ஒரு போல்ட்டை ஒரே முறை வரைந்து, 'பிளாக்' ஆக்கி, ஆயிரம் இடத்தில் சுட்டிக்காட்டி வைத்திருப்பார்கள். இன்னொரு மென்பொருளுக்குப் போகும்போது அது சிதறி ஆயிரம் தனி போல்ட்டுகளானால் கோப்பு ஊதிப்போகும். அதற்குக் கூடுதல் நினைவகம் கொஞ்சம் கைகொடுக்கும். நடுக்கத்துக்குக் காரணம் கனமல்ல, தூரம்.

எந்தத் தூரம்? மலேசியாவின் ஆர்எஸ்ஓ வரைபட முறையில் வடக்கு எண் ஏறக்குறைய நிலநடுக்கோட்டிலிருந்து எண்ணப்படுகிறது. கோலாலம்பூருக்கு அது சுமார் 3,50,000 மீட்டர். கேட் (CAD) மென்பொருள் இந்த எண்ணை 64 பிட்டில் பத்திரமாகவே வைத்திருக்கும். திரையில் வரையும் கிராஃபிக்ஸ் அட்டையோ பெரும்பாலும் 32 பிட்டில் கணக்குப் போடுகிறது. அதில் எண்ணின் இலக்கங்களுக்குக் கிடைப்பது 24 பிட் மட்டுமே.

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் பூக்கார அம்மா மல்லிகையை முழம் போடுவதைப் பாருங்கள். அவர் அளவு தன் முழங்கையில் தொடங்குகிறது. அதை விட்டு, நிலநடுக்கோட்டில் முளையடித்து அவர் கடை வரை ஒரு கயிற்றை இழுத்துக் கட்டுவோம். கயிற்றில் முடிச்சுகள். பூவை முடிச்சில்தான் வைக்கலாம், இடையில் வைக்கக் கூடாது. முளைக்குப் பக்கத்தில் முடிச்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நெருக்கம். தூரம் இரட்டிக்க இரட்டிக்க இடைவெளியும் இரட்டிக்கும். 2,62,144 மீட்டரிலிருந்து 5,24,288 மீட்டர் வரை ஒரு முடிச்சுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சரியாக 3.125 சென்டிமீட்டர். பிரிக்பீல்ட்ஸ் இருப்பது அங்கேதான்! நெருக்கமாகத் தொடுத்த மொட்டுகள் எல்லாம் பக்கத்து முடிச்சுக்குத் தாவும். இரண்டு மூன்று மொட்டு ஒரே முடிச்சில் குவியும், நடுவில் வெறுங்கயிறு. சரத்தை ஒரு விரற்கடை நகர்த்தினால் குவியல்கள் வேறு முடிச்சுக்குக் குதிக்கும். நீங்கள் பார்க்கும் நடுக்கம் இந்தக் குதிப்புதான். பலகோணமான வட்டம் இந்தக் குவியல்தான். மில்லிமீட்டருக்கு மாறியும் தப்ப முடியாது: 35 கோடி மில்லிமீட்டரில் முடிச்சு இடைவெளி 32 மில்லிமீட்டர்.

இந்த முடிச்சுக் கணக்கைக் கணினி அறிஞர் வில்லியம் கஹானும் கூட்டாளிகளும் வகுத்தார்கள். 1985இல் அது ஐஇஇஇ 754 என்ற தரநிலையாயிற்று. வரலாறு இவ்வளவு போதும். நம் ஊர் நில அளவையில் மாநிலத்துக்கு மாநிலம் தனித் தொடக்கப் புள்ளி வைத்த காசினி முறையைத்தான் நான் வியக்கிறேன். பூமியின் வளைவால் வரும் பிழையைக் குறைக்கச் செய்த ஏற்பாடு அது. பூச்சியம் பக்கத்திலேயே இருப்பதால் எண்கள் சிறியவை; கணினிக்கும் அது நல்லதாகப் போயிற்று. லேசர் ஸ்கேன் புள்ளிகளைச் சேமிக்கும் லாஸ் கோப்பு வடிவமும் இதே வழிதான்: பெரிய தூரத்தை ஒரே ஒரு தடவை தலைப்பில் எழுதிவிட்டு, புள்ளிகளைச் சிறு முழு எண்களாக வைக்கிறது.

ஆகவே, வாசகர் செய்ய வேண்டியது கழித்தல். சைட்டுக்குப் பக்கத்தில் ஒரு முழு எண் புள்ளியைத் தேர்ந்து, அதைப் பூச்சியமாக்கி, எல்லாவற்றையும் அங்கே இழுத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பில் கை வைக்காமல், நகலில் செய்யுங்கள். பழைய பூச்சியத்தருகே யாரோ மறந்துவிட்ட ஒற்றைக் கோடு கிடக்கிறதா என்றும் பாருங்கள்; அது இருந்தால் உங்கள் டிராயிங்கின் நீளம் வடக்கு தெற்காக மட்டுமே சுமார் 350 கிலோமீட்டர்.

ஒரே திட்டத்தில் ஆளுக்கொரு பூச்சியம் வைத்துக்கொண்டால் சுரங்கப்பாதை ஒரு பக்கமும் நிலையம் இன்னொரு பக்கமும் நிற்கும். கழித்த கிழக்கு, வடக்கு எண்கள் இரண்டையும் டிராயிங்கின் மூலையில் எழுதாமல் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள்.