களைப் பெருக்கமும் வண்டின் துணையும்

"களை பிடுங்காப் பயிர் கால் பயிர்" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆயினும், கூலி கொடுத்துக் களையெடுத்த நிலத்தில் மறுமழைக்கு அதே களை அதே அளவில் நிற்பதை ஆலங்குளம் வட்டாரத் தோட்டக்காரர்கள் நன்கு அறிவார்கள். கொடுத்த கூலி எங்கே போயிற்று? இதற்கு விடை காண, களை பெருகும் கணக்கை நாம் முதலில் அறிதல் வேண்டும்.

பார்த்தீனியத்தையே எடுத்துக்கொள்வோம். தோலில் அரிப்பும் மூச்சுத் திணறலும் உண்டாக்கும் இக்களை, 1950-களில் புனேயில் கவனிக்கப்பட்டுப் பின்னர் நாடெங்கும் பரவிற்று. நன்கு வளர்ந்த ஒரு செடி பதினாயிரத்துக்கு மேலும் விதை உதிர்க்கும். அவற்றுள் ஆயிரத்துக்கு ஒன்றே வளர்ந்து ஆளாகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானாலும் ஒரு செடி பத்தாகும், பத்து நூறாகும், நூறு ஆயிரமாகும்.

அந்த ஆயிரத்தில் 900 செடிகளைப் பூக்குமுன் பிடுங்கிவிட்டோம் என்க. எஞ்சிய 100 செடிகள் பத்து மடங்காகி மீண்டும் 1,000 ஆகும். பத்தில் ஒன்பதைக் களைந்தும் களை குறையவில்லை. நின்ற இடத்திலேயே நிற்கிறது. கூலி போன வழி இதுவே.

இனி, களையைத் தின்னும் வண்டின் பங்கைக் காண்போம். மெக்சிகோவிலிருந்து தருவிக்கப்பட்ட ஒரு வண்டு 1984-ல் பெங்களூரில் பார்த்தீனியத்தின் மீது விடப்பட்டது. வண்டும் அதன் புழுவும் இலைகளைத் தின்பதால் செடி நலிந்து, விதை குறைகிறது. விதை பாதியாயிற்று என்று கொண்டால், ஒரு செடி பத்தாவதற்குப் பதில் ஐந்தாகும். வண்டை மட்டும் நம்பினால் களை அப்போதும் ஐந்து மடங்கு பெருகும். ஆனால் கையும் வண்டும் சேர்ந்தால், பிடுங்கியபின் எஞ்சிய 100 செடிகள் 500 ஆகும், அடுத்து 250, அதற்கடுத்து 125. தனித்தனியே தோற்ற இரண்டும் சேர்ந்து வெல்கின்றன.

இக்கணக்கில் இரண்டு விஷயங்களை மறத்தலாகாது. முதலாவது, பழைய விதைகள் மண்ணில் சில ஆண்டுகள் உறங்கிக் கிடந்து முளைக்கும். ஆகவே குறைவு மெதுவாகவே தென்படும். இரண்டாவது, களை நெருங்கி வளர்ந்த இடத்தில் வண்டு சில கன்றுகளை அழித்தால், எஞ்சியவை இடமும் ஒளியும் பெற்றுச் செழிக்கும். எனவே இலையில் எத்தனை ஓட்டை என்பது அளவன்று. அடுத்த முறை எத்தனை செடி பூக்கிறது என்பதே அளவு.

பூச்சியால் மட்டுமே களை ஒழிந்ததும் உண்டு. தென்னிந்தியாவில் காடாய் மண்டிய சப்பாத்திக்கள்ளியின் மீது, 1926-ல் இலங்கையிலிருந்து கொணர்ந்த ஒரு செதில் பூச்சி விடப்பட்டது. சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழ ஒரு லட்சம் ஏக்கர் கள்ளி அழிந்தது. இப்பூச்சி சாற்றை உறிஞ்சிக் கள்ளியையே மாய்த்தது. பெருக்கம் ஒன்றுக்கும் கீழே இறங்கிற்று. ஆனால் 1795-ல் சாயத்துக்கென இந்தியாவுக்கு வந்த வேறொரு செதில் பூச்சி இக்கள்ளியைத் தீண்டவில்லை. மற்றொரு வகைக் கள்ளியையே அழித்தது. களைக்கு ஏற்ற பூச்சி அமைதல் வேண்டும். பார்த்தீனிய வண்டோ வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் ஒடுங்கிவிடும். ஆதலின் அதனிடம் முழுப் பொறுப்பையும் விட்டுவிடலாகாது.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை எளியனவே. சாலையோரம், வாய்க்கால் கரை, புறம்போக்கு ஆகிய இடங்களிலும் ஒரே சமயத்தில், பூக்குமுன், கையுறை அணிந்து களையைப் பிடுங்கச் செய்க. வண்டு காணப்படும் இடங்களில் பூச்சிமருந்து தெளியாமல் காத்திடுக. நிலத்தில் ஒரு மீட்டர் சதுரத்தைக் கயிற்றால் குறித்து, பூக்கும் செடிகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதுக. மறுபோகத்தில் அதே இடத்தில் மீண்டும் எண்ணுக. சென்ற முறை 40, இம்முறை 30 எனில் நாம் வெல்கிறோம். 50 எனில் உழைப்பைக் கூட்டுதல் வேண்டும்.

ஒருவர் தோட்டத்தில் களைந்ததை அடுத்தவர் வரப்பின் விதை நிரப்பிவிடும். ஆதலின் இது தனியொருவர் வேலையன்று. ஊர் கூடிச் செய்யவேண்டிய பணியாகும்.